நீர்மூழ்கிக்கான தேவைப் பட்டியலை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடற்படைத் திட்டக் குழுவினருக்கும், அவர்களுக்காகக் கப்பல் வரையும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

இதை ஒரு குறிப்பிட்ட நாட்டின் குழுவுக்கு என்று எழுதவில்லை. அணுசக்தி இல்லாத நீர்மூழ்கி ஒன்றைக் கட்டவோ வாங்கவோ முடிவெடுத்துவிட்டு, அது எப்படி இருக்க வேண்டும் என்று முதல் காகிதத்தை எழுத உட்காரும் எல்லோருக்கும் எழுதுகிறேன். நான் கடற்படையில் வேலை பார்த்தவன் இல்லை. இந்தக் கப்பல்களின் தொழில்நுட்பத்தைப் பல வருடங்களாக ஆசையோடு படித்து வருகிறவன். புதிய நீர்மூழ்கி பற்றிய அறிவிப்பு எது வந்தாலும் அதில் ஒரு எண்ணைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள்: மேலே வராமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற எண். அது வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது. கப்பல் கடலடியில் சிக்கிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் எத்தனை நாள் உயிரோடு இருக்க முடியும் என்று இன்னொரு எண் இருக்கிறது. அது ஏறவே இல்லை. ஏழு நாள் என்பதைத்தான் பல கடற்படைகள் இன்றும் கணக்காக வைத்திருக்கின்றன. இந்த இரண்டு எண்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதுதான் என்னை எழுத வைத்தது.

முதலில் சாதனையைச் சொல்லிவிட வேண்டும். அதை மதிக்காமல் குறை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

பழைய டீசல் நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் பேட்டரியில் ஓடும். மெதுவாகப் போனால் ஓரிரு நாள் வரும். அப்புறம் பெரிஸ்கோப் ஆழத்துக்கு ஏறி, காற்றை உறிஞ்சும் ஸ்நார்க்கல் குழாயை மேலே நீட்டி, டீசல் இன்ஜினை ஓட்டி பேட்டரியை நிரப்ப வேண்டும். அந்த நேரத்தில்தான் கப்பல் மாட்டிக்கொள்ளும். இன்ஜின் சத்தம், புகையின் சூடு, ரேடாரில் தெரியும் குழாய் முனை, எல்லாம் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். இந்த நேரத்தைக் குறைப்பதற்காகத்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள்.

1988-ல் ஸ்வீடன் தன்னுடைய நெக்கன் கப்பலில் ஸ்டிர்லிங் இன்ஜினைப் பொருத்திச் சோதித்தது. 1996-ல் கோட்லாண்ட் சேவைக்கு வந்தபோது, கட்டும்போதே அந்த ஏற்பாட்டோடு வந்தது. தலா 75 கிலோவாட் தரும் இரண்டு ஸ்டிர்லிங் இன்ஜின்கள். திரவ ஆக்ஸிஜனைத் தொட்டியில் எடுத்துப் போய், அதோடு டீசலை எரிக்கிறார்கள். சாதாரண டீசல் இன்ஜினில் எரிபொருள் வெடித்து வெடித்து பிஸ்டனைத் தள்ளும். இங்கே சுடர் சிலிண்டருக்கு வெளியே, நிற்காமல் எரிகிறது. அதனால் அதிர்வு மிகக் குறைவு. எரியறையின் அழுத்தம் சுற்றியுள்ள கடல்நீரின் அழுத்தத்தைவிட அதிகமாக வைக்கப்பட்டிருப்பதால், புகையை வெளியேற்றத் தனி கம்ப்ரசர் கூட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு கடல்நீரில் கரைந்து போய்விடும். இந்தச் சின்னக் கப்பலை அமெரிக்கக் கடற்படை அதன் மாலுமிகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து, 2005 முதல் 2007 வரை சான் டியேகோவில் வைத்துப் பயிற்சி செய்தது. உலகத்தின் மிகப் பெரிய கடற்படை, இதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள அதைக் கூட்டிப் போனது என்பதே போதுமான சான்றிதழ்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2005-ல் சேவைக்கு வந்த 212ஏ வகையில் எரிபொருள் கலம், அதாவது ஃப்யூவல் செல். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் தருகின்றன. அந்த அமைப்பின் நடுவே சுழலும் இன்ஜின் எதுவும் கிடையாது. ஹைட்ரஜனை வாயுவாக அழுத்தி அடைக்கவில்லை. ஒரு உலோகக் கலவை அதை உறிஞ்சித் தன் படிகத்துக்குள் வைத்துக்கொள்கிறது. எரிபொருள் கலத்தில் வீணாகும் சூட்டையே கொண்டு வந்து அந்த உலோகத்தைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் மெல்ல வெளியே வரும். எங்கேயாவது கசிந்தால் உலோகம் குளிர்ந்து, மேற்கொண்டு வருவதும் தானாகவே குறைந்துவிடும். என்னைக் கேட்டால், நீர்மூழ்கித் தொழில்நுட்பத்தில் இவ்வளவு அழகான யோசனை குறைவு. செயல்திறனும் பாதுகாப்பும் ஒரே முடிவில் கிடைத்திருக்கின்றன. அந்த வகையைச் சேர்ந்த யூ-32, 2013-ல் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது 18 நாள் தொடர்ந்து மூழ்கியே இருந்தது.

இதற்குப் பிறகு பாதைகள் பல கிளையாகப் பிரிந்தன. ஸ்பெயின் தன் எஸ்-80 கப்பல்களுக்காக எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைக் கப்பலிலேயே பிரித்தெடுக்கும் கருவியை உருவாக்கியது. இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ, பாஸ்பாரிக் அமில எரிபொருள் கலத்தைத் தேர்ந்தெடுத்து, ஹைட்ரஜனைத் தேவைப்படும்போது மட்டும் கப்பலுக்குள்ளேயே உண்டாக்கும் முறையை 2021 மார்ச்சில் தரையில் சோதித்துக் காட்டியது. ஜப்பான் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. சோர்யூ வகையில் ஸ்டிர்லிங் இன்ஜின் வைத்திருந்த அவர்கள், 2020 மார்ச்சில் வந்த ஓர்யூ கப்பலில் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து லித்தியம் அயனி பேட்டரியால் நிரப்பினார்கள். 2022-ல் வந்த தைகேய் வகை அதே வழியில் தொடர்கிறது. தென் கொரியாவோ, கேஎஸ்எஸ்-3 வகையின் இரண்டாம் தொகுதியில் எரிபொருள் கலம், லித்தியம் பேட்டரி இரண்டையும் ஒன்றாக வைக்கிறது.

சரி, இப்போது குழுவினரிடம் நேராகப் பேசுகிறேன்.

முதல் வேண்டுகோள் அந்த 'நாட்கள்' என்ற எண்ணைப் பற்றியது. கட்டுபவர்கள் 'மூன்று வாரம்' என்று சொன்னால், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். நீருக்கடியில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் உந்துவிசைக்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். நான்கு மடங்கு வேகம் வேண்டுமென்றால் அறுபத்து நான்கு மடங்கு. இது இயற்பியல், எந்த நிறுவனத்தாலும் இதில் பேரம் பேச முடியாது. கோட்லாண்டின் இரண்டு ஸ்டிர்லிங் இன்ஜின்களும் சேர்ந்து தருவது 150 கிலோவாட். அதில் ஒரு பங்கு சோனார் (ஒலியால் தேடும் கருவி), கணினிகள், காற்றோட்டம், சமையல், விளக்கு என்று கப்பலின் சொந்தச் செலவுக்கே போய்விடும். மிச்சத்தில் மணிக்கு நான்கைந்து கடல் மைல் போகலாம். எதிரி துரத்தும்போது இருபது நாட் (மணிக்கு இருபது கடல் மைல்) வேகம் எடுக்க வேண்டுமென்றால் பேட்டரிதான் தர வேண்டும். ஈய-அமில பேட்டரியை அப்படிக் கறந்தால் அது பெயரளவுக் கொள்ளளவில் பாதியைக் கூடத் தராமல் சுருண்டுவிடும். லித்தியம் பேட்டரி இந்த இடத்தில்தான் தன் பெருமையைக் காட்டுகிறது: வேகமாகச் செலவழித்தாலும் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் தரும், வேகமாகவும் நிரம்பும். ஜப்பான் ஏன் அப்படி முடிவெடுத்தது என்பது இதில் புரிந்துவிடும். உங்கள் கடலுக்கு எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒற்றை எண்ணை வாங்காதீர்கள். வேகத்துக்கு எதிரே நாட்களைக் காட்டும் முழு வரைபடத்தைக் கேளுங்கள். அதுவும் பேட்டரி பழசான பிறகு, கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும் பகுதியில், குளிர்சாதனம் முழு மூச்சில் ஓடும்போது.

இரண்டாவது வேண்டுகோள்தான் இந்த மடலின் உயிர். கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1939 மே 23. அமெரிக்காவின் ஸ்குவாலஸ் நீர்மூழ்கி சோதனை மூழ்கலில் இருந்தபோது காற்றுக் குழாய் வால்வு மூடாமல் தண்ணீர் புகுந்தது. 26 பேர் இறந்தார்கள். கப்பல் 70 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் போய் உட்கார்ந்தது. மூழ்கியதையும் எழுந்ததையும் அது கரைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எழுந்த செய்தி வரவில்லை. அன்று காலையிலேயே அதன் சகோதரக் கப்பலான ஸ்கல்பின் தேடப் போனது. ஸ்குவாலஸ் மேலே அனுப்பியிருந்த மிதவையைக் கண்டது. அந்த மிதவைக்குள் ஒரு டெலிபோன் இருந்தது; கடலுக்கு மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களோடு பேசினார்கள். மறுநாள் மணி வடிவ மீட்புக் கூண்டு நான்கு முறை கீழே போய் வந்து 33 பேரையும் கரை சேர்த்தது. எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும், மூழ்கிப்போன நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்ட கதை என்றால் இதைத்தான் இன்றும் சொல்கிறோம். அவர்களைக் காப்பாற்றியதில் மீட்புக் கூண்டுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு, ஒரு செய்தி வரவில்லை என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்ததற்கும் உண்டு.

2000 ஆகஸ்ட் 12, ரஷ்யாவின் குர்ஸ்க். அது அணுசக்திக் கப்பல்தான், ஆனாலும் பாடம் பொது. டார்பிடோவில் இருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கசிந்து வெடித்தது. 118 பேர் போனார்கள். பயிற்சியில் கப்பல் மௌனமாக இருப்பது இயல்புதானே என்று மேலே இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அவசரநிலை அறிவிக்கச் சுமார் 12 மணி நேரம் ஆனது. கப்பலின் பின்பகுதி அறையில் 23 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் சில மணி நேரமே வாழ்ந்தார்கள் என்று பின்னால் தெரியவந்தது. உடனே தேடியிருந்தாலும் அவர்களைப் பிடித்திருக்க முடியாமல் போயிருக்கலாம். ஆனால் மேலே இருந்தவர்களுக்கு அது அப்போது தெரியாதே. அவர்களைத் தாமதப்படுத்தியது மௌனம் இயல்பானது என்ற நினைப்பு.

இப்போது நீங்கள் வாங்கப் போகும் கப்பலை யோசித்துப் பாருங்கள். பழைய டீசல் கப்பல் ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஸ்நார்க்கலுக்காக மேலே வந்தே தீர வேண்டும். அப்போது ஆன்டெனாவும் மேலே வரும், செய்தி அனுப்புவது பெரிய கூடுதல் ஆபத்து இல்லை. அந்தக் கட்டாயத்தைத்தான் நீங்கள் பல கோடி செலவழித்து நீக்குகிறீர்கள். மௌனம்தான் இனி கப்பலின் இயல்பு நிலை. பத்து நாளுக்கு ஒருமுறை செய்தி சொன்னால் போதும் என்று வைத்திருக்கும் கப்பல், செய்தி சொன்ன மறுநாளே 80 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், அடுத்த ஒன்பது நாள் யாரும் தேட மாட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுவிட இருப்பது ஏழு நாள்.

தேட வேண்டிய பரப்பையும் கணக்கில் எடுங்கள். ஐந்து நாட் வேகத்தில் பத்து நாள் போன கப்பல் 1,200 கடல் மைல் போயிருக்கும். மூன்று நாள் என்றால் 360. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப விரியும் என்பதால், தேடலின் சுமை பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடும்.

ஏழு நாள் என்கிறோமே, அதுவும் வசதியான ஏழு நாள் இல்லை. ஆக்ஸிஜன் தீருவதற்கு முன்னாலேயே கார்பன் டை ஆக்சைடு ஆளைச் சாய்க்கும். அது 3 சதவீதத்தைத் தாண்டினால் தலைவலியும் மூச்சிரைப்பும். 6-ஐ நெருங்கினால் தெளிவாக யோசிக்க முடியாது. தண்ணீர் புகுந்து உள்ளழுத்தம் கூடியிருந்தால் குறைந்த சதவீதமே அந்த வேலையைச் செய்துவிடும். மின்சாரம் இல்லாத நிலையில், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு தடவிய திரைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, இருட்டில், குளிரில், அசையாமல் படுத்துக் கிடப்பதுதான் உயிர் பிழைக்கும் வழி. ஒருவர் எழுந்து நடந்தால் எல்லோருடைய நேரமும் குறையும்.

நான் கேட்பது இதுதான். கப்பல் எத்தனை நாள் மௌனமாக இருக்கலாம் என்பதையும், உள்ளே எத்தனை நாளுக்கு மூச்சுக்காற்று போன்ற உயிர்ச்சாமான் இருக்கிறது என்பதையும், மீட்புக் கருவி எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்பதையும் தேவைப் பட்டியலில் ஒரே பத்தியில் எழுதுங்கள். முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து இரண்டாவதைத் தாண்டக் கூடாது. பிரிட்டன், பிரான்ஸ், நார்வே மூன்றும் சேர்ந்து வைத்திருக்கும் நேட்டோ மீட்பு அமைப்பு, அழைத்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் முதல் ஆளை மேலே கொண்டுவருவதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. மூன்று நாளில் மீட்பு வரும் என்றால், மௌனம் நான்கு நாளைத் தாண்டக் கூடாது. இல்லை, பத்து நாள் மௌனம் வேண்டும் என்றால், பதின்மூன்று நாளுக்கு மூச்சு வைத்துக் கட்டுங்கள். எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், கணக்கு நேராக வர வேண்டும்.

'அடிக்கடி செய்தி அனுப்பினால் இருப்பிடம் தெரிந்துவிடும்' என்று உடனே பதில் வரும். அது நியாயமான கவலைதான். ஆனால் கப்பலே மேலே வந்து பேச வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. சிறு மிதவையை வெளியே விட்டு, கப்பல் அந்த இடத்தை விட்டு நகர்ந்து வெகுநேரம் ஆன பிறகு அது செயற்கைக்கோளுக்கு ஒரு நொடி மட்டும் பேசிவிட்டு மூழ்கிப் போகும்படி செய்ய முடியும். அதைவிட முக்கியமானது அவசர மிதவை. மாலுமிகள் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் தானாகவே பிரிந்து மேலே போகும் மிதவை கப்பலின் இரு முனைகளிலும் இருக்க வேண்டும். தவறுதலாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில் அதை முடக்கி வைக்கும் பழக்கம் எந்தக் கடற்படையிலும் இருக்கக் கூடாது. பயம் இருந்தால் நம்பகமான மிதவையை வடிவமைக்கச் சொல்லுங்கள். அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

இன்னொரு பதிலும் வரும்: 'ஆழ்கடலில் மூழ்கினால் எந்த மீட்பும் பயன்படாது'. உண்மை. அர்ஜென்டினாவின் ஆரா சான் ஹுவான் நீர்மூழ்கி 907 மீட்டரில் கிடைத்தது, 44 பேர். இந்தோனேசியாவின் நங்கலா 838 மீட்டரில், 53 பேர். அந்த ஆழத்துக்கு வெகு முன்னாலேயே கப்பலின் உடல் நொறுங்கிவிடும். ஆனால் அணுசக்தி இல்லாத நவீன நீர்மூழ்கிகள் பெரும்பாலும் எங்கே வேலை செய்கின்றன? கரையோரங்களில், ஜலசந்திகளில், தீவுக் கூட்டங்களுக்கு நடுவில். பால்டிக் கடலின் சராசரி ஆழம் 55 மீட்டர்தான். கரையை ஒட்டிய கண்டத் திட்டின் பெரும்பகுதி 200 மீட்டருக்குள். அவை நடமாடும் கடலில் பெரும்பகுதி மீட்புக்கு எட்டக்கூடிய கடல்தான்.

சான் ஹுவானைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் மூன்றாவது வேண்டுகோள் பேட்டரி பற்றியது. 2017 நவம்பர் 15 அன்று அது அனுப்பிய தகவல் பகிரங்கமாகவே வெளியானது. காற்றோட்டக் குழாய் வழியாகக் கடல்நீர் பேட்டரித் தொட்டிக்குள் புகுந்து, ஷார்ட் சர்க்யூட் ஆகி, தீ தொடங்கியது. முன்பக்க பேட்டரி செயலிழந்தது. அதற்குப் பிறகு கப்பல் திரும்பவே இல்லை. ஈய-அமில பேட்டரி நூறு வருடத்துக்கு மேல் பழகிய சாதனம். நிரப்பும்போது ஹைட்ரஜன் வரும், அது காற்றில் 4 சதவீதத்தைத் தொட்டால் தீப்பற்றும், கடல்நீர் கலந்தால் குளோரின் வரும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த ஆபத்தே இப்படிக் கொல்லும்போது, புதிய ஆபத்தை உள்ளே கொண்டுவருவதற்கு முன் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்!

லித்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதாரணமாக நிரப்பும்போது அது ஹைட்ரஜன் விடாது என்பதே பெரிய நிம்மதி. ஆனால் ஒரு செல் கெட்டுச் சூடேறத் தொடங்கினால் அந்தச் சூடே அடுத்த செல்லையும் கெடுக்கும். சில வகை வேதியியலில் எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை மின்முனையே தந்துவிடும். வெளிக்காற்றை அடைத்து அணைக்க முடியாது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃப்ளூரைடு போன்ற வாயுக்கள் வரும். தரையில் என்றால் எல்லோரும் வெளியே ஓடிவிட்டு எரிய விடலாம். 2008 நவம்பரில் பேர்ல் ஹார்பரில், அமெரிக்கக் கடற்படையின் ஏஎஸ்டிஎஸ் என்ற சிறு நீர்மூழ்கியின் லித்தியம் அயனி பேட்டரி, கரையில் நிரப்பிக்கொண்டிருக்கும்போது தீப்பிடித்து மணிக்கணக்கில் எரிந்தது. உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச் சேதம் இல்லை. அந்தச் சிறு நீர்மூழ்கி அதன் பிறகு சேவைக்குத் திரும்பவில்லை. அதே தீ 200 மீட்டர் ஆழத்தில் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, விற்பவரிடம் சான்றிதழைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். முழுதாக நிரப்பிய, ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள ஒரு தொகுதியை, உண்மையான பேட்டரி அறையின் அளவில் மூடிய பெட்டிக்குள் வைத்து, நடுவில் உள்ள ஒரு செல்லை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தீ பக்கத்துத் தொகுதிக்குத் தாவுகிறதா? வாயு எவ்வளவு, எந்தக் குழாய் வழியாக, எந்த அறைக்குப் போகிறது? கடல்நீரை ஊற்றினால் என்ன ஆகிறது? உங்கள் ஆட்களே எதிரில் நின்று பார்க்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் போன்ற நிதானமான வேதியியலைத் தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் கொள்ளளவு குறையும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதில் வெட்கமில்லை. இந்தச் சோதனைகளின் முடிவுகளைக் கடற்படைகள் தங்களுக்குள்ளாவது பகிர்ந்துகொள்ள வேண்டும். தீ எப்படிப் பரவுகிறது என்பதில் எந்த நாட்டின் போர் ரகசியமும் இல்லை. 1955-ல் பிரிட்டனின் சிடோன் நீர்மூழ்கியில் ஹைட்ரஜன் பெராக்சைடு டார்பிடோ வெடித்து 13 பேர் இறந்தார்கள். பிரிட்டன் அந்த எரிபொருளைக் கைவிட்டது. 45 வருடம் கழித்து, வேறொரு கடற்படையில் குர்ஸ்க்.

எல்லா ஆபத்தும் புதிய தொழில்நுட்பத்தில்தான் இருக்கிறது என்று எண்ணிவிடவும் கூடாது. 2004 அக்டோபரில் கனடாவின் சிகூடிமி நீர்மூழ்கியில் நடந்த தீ, திறந்திருந்த மேல்மூடி வழியாக வந்த கடல்நீர் கேபிள் இணைப்பில் பட்டதால் வந்தது. ஒரு அதிகாரி இறந்தார். கேபிள் இணைப்பு, அதன் மேல் சுற்றிய நீர்த்தடுப்பு உறை, அவ்வளவு சாதாரண விஷயம். கண்காட்சியில் யாரும் கேபிள் உறையைக் காட்டிப் பெருமைப்படுவதில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாலுமிகளின் எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனின் 1960-களின் ஓபரான் வகையில் ஏறக்குறைய 70 பேர் இருந்தார்கள். 212ஏ-யில் 30-க்கும் குறைவு. தானியங்கி முறைகள் இதைச் சாத்தியமாக்கின. செலவும் மிச்சம், மூச்சுக்கான காற்றும் மிச்சம். ஆனால் தீ அணைப்பதும் ஓட்டை அடைப்பதும் இன்னும் கையால் செய்யும் வேலைதான். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு அறைகளில் ஒரே சமயத்தில் ஏதாவது நடந்தால், யார் எங்கே போவார்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். காகிதத்திலேயே ஆள் போதவில்லை என்றால் கப்பலிலும் போதாது.

எடைக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்பெயினின் எஸ்-80 கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது, எடை கணக்கைத் தாண்டிவிட்டது என்பது 2013-ல் வெளியே வந்தது. உடலைச் சுமார் பத்து மீட்டர் நீட்டி 81 மீட்டராக்கித்தான் சரிசெய்தார்கள். முதல் கப்பல் ஐசக் பெரால் 2023 நவம்பரில்தான் கடற்படைக்குக் கிடைத்தது. தாமதம் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அதில் மரியாதைதான் உண்டு, ஏனென்றால் எடை மிஞ்சும்போது எதை இறக்கலாம் என்ற பேச்சு எல்லா வடிவமைப்பு அறையிலும் வரும். கூடுதல் ஆக்ஸிஜன், கூடுதல் தப்பிக்கும் உடைகள், இன்னொரு மிதவை என்று ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் இறங்குவது சுலபம். உயிர்ச்சாமான்களின் எடையைத் தனித் தலைப்பில் பூட்டி வையுங்கள். கப்பல் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அதிலிருந்து ஒரு கிலோ கூட எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள்.

கப்பல் மேல்மூடியைச் சுற்றி மீட்பு வாகனம் வந்து ஒட்டிக்கொள்ளும் வளையம், உலகில் உள்ள எந்த மீட்பு வாகனமும் பொருந்தும் பொது அளவில் இருக்க வேண்டும். இதற்கு நேட்டோ தரம் ஏற்கெனவே இருக்கிறது, நேட்டோவுக்கு வெளியே உள்ளவர்களும் அதைப் பின்பற்றலாம். குர்ஸ்க்குக்குப் பிறகு உருவான இஸ்மெர்லோ என்ற சர்வதேச நீர்மூழ்கி மீட்பு அலுவலகம் எந்த நாட்டின் கருவி எங்கே இருக்கிறது என்று ஒருங்கிணைக்கிறது. நங்கலா காணாமல் போனபோது சிங்கப்பூரின் ஸ்விஃப்ட் ரெஸ்க்யூ மீட்புக் கப்பல் உடனே கிளம்பி வந்தது. அப்படி வருவதற்கு முன்கூட்டியே கையெழுத்தான ஏற்பாடு வேண்டும். விபத்து நடந்த இரவில் தூதரகங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. விமானத்தில் வரும் கருவியை எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலின் தளத்தில் வெல்டிங் செய்து பொருத்துவது என்பது வரை இன்றே முடிவாகியிருக்க வேண்டும். அந்தக் கப்பலின் தளம் அந்த எடையைத் தாங்குமா என்று யாராவது அளந்து பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

கடைசியாக, பழைய கப்பல்கள். புதியது கட்ட எட்டு, பத்து வருடம் ஆகும். அதுவரை மாலுமிகள் கடலுக்குப் போவது பழையதில்தான். நங்கலா 1981-ல் சேவைக்கு வந்தது, சான் ஹுவான் 1985-ல். நான் மேலே சொன்ன மிதவை, கூடுதல் ஆக்ஸிஜன், காற்றைச் சுத்தமாக்கும் திரை எல்லாவற்றையும் பழைய கப்பலிலும் பொருத்த முடியும். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. புதிய திட்டத்தின் நிதியிலிருந்தே ஒரு பங்கைப் பழைய கப்பல்களின் உயிர்ச்சாமான்களுக்கு என்று முதல் வருடமே ஒதுக்குங்கள்.

உங்கள் குழுவில் ஆயுதம் தெரிந்தவர், சோனார் தெரிந்தவர், நிதி தெரிந்தவர் எல்லோரும் இருப்பார்கள். மீட்புக் கப்பலில் வேலை செய்த ஒருவரையும், நீர்மூழ்கியில் தீயணைத்த அனுபவம் உள்ள ஒரு மூத்த மாலுமியையும் வாக்குரிமையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மௌன நாட்கள், மூச்சு நாட்கள், மீட்பு மணி நேரம் என்ற மூன்றையும் எழுதிய அந்தப் பத்தியில் அவர்கள் இருவரின் கையெழுத்தும் விழுந்த பிறகே விலை பேசத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கப்பல்களையும் அதில் போகிறவர்களையும் நேசிக்கும் ஒருவன்